மாதாவின் நாற்காலிக்குப் பின்னால்

பிரிட்ஸியோவின் வேனில் ஏறுகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. எந்த ஊருக்குப் போவதானாலும் அவன் பன்னிரண்டு கிலோமீட்டர் சுற்றித்தான் கூட்டிப்போவான். கேட்டால், "கடலோரப் பாதைதான் அழகு" என்பான். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் கடல் கண்ணைக் கூசவைக்கும் நீலத்தில் கிடக்கும். பாறைகளின் மேல் பழைய காவல் கோபுரங்கள் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். வடக்கிலிருந்து வருகிற வெள்ளைக்காரர்கள் கேமராவைக் கீழே வைக்க மாட்டார்கள். வரைபடத்தில் இத்தாலி ஒரு பூட்ஸ் என்றால் பிரிட்ஸியோ பிறந்து வளர்ந்து வண்டி ஓட்டுவது அதன் குதிகாலில். அங்கே காட்டுவதற்கு இடத்துக்குப் பஞ்சமில்லை.

ஆனால் நேர்ப்பாதையில் போனால் ஐந்தாவது நிமிஷம் அப்பாவின் ஒலிவத் தோப்பு வந்துவிடும். அதைத்தான் அவனால் பார்க்க முடியாது.

அந்தப் பக்கத்து ஒலிவ மரங்களெல்லாம் ஒரு நோய் வந்து பத்து வருஷமாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஒருநாள் தோப்பை வெட்டச் சொல்லி அரசாங்கக் கடிதம் வந்தது. பிரிட்ஸியோ பெல்ஜியக்காரர்களுக்குக் கடல் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அண்ணன் வித்தாலே அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். இவன் திரும்பி வரும்போது தோப்புக்குள் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. கிணற்றடியில் ஒரு பெரிய மரம் இருந்தது. வயிறு பெருத்து, உட்கார்ந்த வாக்கில் இருக்கும். வீட்டில் அதற்கு 'பிஷப்' என்று பெயர். அப்பா மத்தியானத் தூக்கம் போட்டதெல்லாம் பிஷப்பின் மடியில்தான். பிரிட்ஸியோ வேனை விட்டு இறங்கக்கூட இல்லை. வண்டியைத் திருப்பினான். அன்றிலிருந்து அண்ணனோடு பேச்சில்லை. இரண்டரை வருஷம் ஓடிவிட்டது.

மூவாயிரம் பேர் உள்ள ஊரில் ஒருவரோடு பேசாமல் இருப்பது லேசான வேலை இல்லை. அண்ணன் எந்நேரம் ரொட்டிக்கடைக்குப் போவார், எந்தப் பூசைக்கு வருவார், முடிவெட்ட எந்தக் கிழமை உட்காருவார் என்பதெல்லாம் விரல்நுனியில் இருக்க வேண்டும். கூடப் பிறந்தவன்மேல் அன்பாக இருக்கிறவனுக்குக்கூட இத்தனை விவரம் தெரியாது. யாராவது தோப்பைப் பற்றி வாயெடுத்தால் பிரிட்ஸியோ எழுந்து போய்விடுவான். அக்கா சேசாரியா இரண்டு தடவை ஆரம்பித்தாள். இரண்டு தடவையும் தட்டில் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து போனான். "அவனோட பேசாததுல எனக்கு நிம்மதி" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். சுத்தப் பொய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தால் அண்ணன் இல்லாத சாப்பாட்டு மேஜை அவன் நெஞ்சைப் பிசையும். ஆனால் முதல் வார்த்தையை எப்படிப் பேசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

மார்ச் பத்தொன்பது, சூசையப்பர் திருநாள். நேர்த்திக்கடன் உள்ள வீடுகளில் அன்று பந்தி வைப்பார்கள். சூசையப்பர், மாதா, அன்னம்மாள், அந்தோணியார் என்று அக்கம்பக்கத்தாரைப் புனிதர்களாக உட்காரவைத்துச் சாப்பாடு போடுவார்கள். புருஷன் ஏணியிலிருந்து விழுந்து பிழைத்ததற்காகச் சேசாரியா பதின்மூன்று பேருக்கு நேர்ந்திருந்தாள். சூசையப்பராக யாரை அழைத்தாள் என்று சொல்ல வேண்டுமா? வித்தாலேயைத்தான்.

பிரிட்ஸியோவின் வேனில் அன்று ஆறு நார்வேக்காரர்கள். பந்தி பார்ப்பதற்கென்றே வந்தவர்கள். அவர்களை அக்கா வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, தான் மட்டும் வண்டியிலேயே இருந்துவிடுவது என்று கணக்குப் போட்டிருந்தான். வண்டி நின்றதும் நிற்காததுமாக, கையெல்லாம் மாவோடு சேசாரியா ஓடிவந்தாள்.

"டேய், கதவைத் திற."

"நான் உள்ள வரமாட்டேன்னு அன்னைக்கே சொல்லிட்டேன்க்கா."

"உன்னை யாரு கூப்பிட்டா? மாதாவுக்கு அம்மை போட்டிருக்கு. அந்தப் பொண்ணு மூஞ்சியெல்லாம் கொப்புளம். ஒரு ஆளு குறையுது. உன் வண்டியிலிருந்து ஒண்ணு குடு."

"ஒண்ணு குடுன்னா? ஆரஞ்சுப் பழமா வெச்சிருக்கேன்?"

அவள் அவசரத்தில் நியாயம் இருந்தது. பந்தியில் ஒற்றைப்படையாகத்தான் உட்கார வேண்டும். பன்னிரண்டு ஆகாது. இன்னொருவரை எழுப்பிப் பதினொன்றாக்கலாம் என்றால், எழுப்பப்பட்டவர் வீட்டோடு பேரப்பிள்ளை காலம்வரைக்கும் சண்டை. சரி, ஊரில் வேறு ஒருவரைக் கூப்பிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஒரு மாதம் முன்பே வீடு தேடி வந்து அழைத்தால்தான் மரியாதை. பந்தியன்று காலையில் கூப்பிட்டால், "ஓகோ, யாரோ வராத இடத்துக்கு நானா?" என்று கேட்டு முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்துவார்கள். இந்த ரோஷம் எல்லாம் இல்லாத ஆள் வேண்டுமென்றால் வெளியூர்க்காரர்தான்.

சேசாரியா கண்ணாடி வழியாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "அந்தத் தொப்பிக்கார அம்மா. வெயில்ல வெந்து சிவந்து போயிருக்கே, அது."

"அவங்களுக்கு அறுபத்தேழு வயசுக்கா. மாதாவாவா?"

"மாதாவுக்கு மட்டும் வயசாகாதா?"

"நம்ம சபைகூட இல்லை."

"பசிக்குதான்னு கேளு. பசிச்சாப் போதும்."

அந்த அம்மாவின் பெயர் சிக்னே. பிரிட்ஸியோ ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னான். பசியா என்று கேட்டான்.

"திங்கட்கிழமையிலேருந்து பசிதான். எங்க ஊர்ல நாலரை மணிக்கு ராச்சாப்பாடு முடிஞ்சிடும். இங்க ஒன்பது மணிக்குத்தான் அடுப்பே பத்த வைக்கிறீங்க" என்றாள். சம்மதம்தான், ஆனால் ஒரு நிபந்தனை. "ஒண்ணும் புரியாம பொம்மை மாதிரி உக்கார மாட்டேன். நீங்க பக்கத்துல நின்னு எல்லாத்தையும் சொல்லணும்."

மாதாவின் இடம் எங்கே? சூசையப்பருக்கு வலது பக்கம், முழங்கை இடிக்கிற தூரம். பிரிட்ஸியோவின் முகத்தில் ஈயாடவில்லை. அக்காவைப் பார்த்தான். அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்கூடத்தில் இருந்த சாமான்களையெல்லாம் அப்புறப்படுத்தி, சுவரிலிருந்து சுவர்வரை நீள மேஜை போட்டிருந்தார்கள். வெள்ளைத் துணி. ஒவ்வொரு இடத்திலும் வேன் டயர் அளவுக்கு ஒரு வளைய ரொட்டி, நடுவில் ஆரஞ்சு, பக்கத்தில் ஒயின். வாசலிலும் ஜன்னலிலும் ஊர்ச்சனம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மேஜையின் தலைமாட்டில் வித்தாலே, கல்யாணக் கோட்டில், மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் நுனியில் பூக்கட்டிய தடி. சூசையப்பர் முதல் வாய் வைத்தால்தான் மற்றவர்கள் வாய் வைக்கலாம். அவர் தடியால் தரையில் ஓர் இடி இடித்தால் எல்லோரும் சாப்பிடுவதை அந்தக்ஷணம் நிறுத்திவிட வேண்டும். அடுத்த பதார்த்தம் வரும். அவர் இடிக்காமல் அடுத்ததைத் தொடக்கூடாது.

பிரிட்ஸியோ மாதாவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றான். அண்ணனை இவ்வளவு கிட்டத்தில் பார்த்து இரண்டரை வருஷம் ஆயிற்று. பிடரி முழுக்க நரைத்திருந்தது.  உடனே சுவரைப் பார்த்துக்கொண்டான்.

வித்தாலே அவன் பக்கம் திரும்பவே இல்லை. சிக்னேவைப் பார்த்து, உரக்கப் பேசினால் எந்த நாட்டாருக்கும் புரிந்துவிடும் என்கிற நம்பிக்கையோடு பேசினார். "வாங்கம்மா. உங்களைக் கூட்டிட்டு வந்த ஆளு வண்டியை ஒழுங்கா ஓட்டுறானா? ஆறு வயசுல என் சைக்கிளைக் கொண்டுபோய்க் கிணத்துக்குள்ள ஓட்டினவன் அவன். ஜாக்கிரதையா இருங்க."

"வரவேற்கிறார்" என்றான் பிரிட்ஸியோ.

"அவ்வளவு நேரமாவா வரவேற்றார்?"

"எங்க ஊர்ல அப்படித்தான்."

எதிரே எலிசபெத்தம்மாளாக உட்கார்ந்திருந்த தபால்காரி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிக்னே ரொட்டி பிரமாதம் என்றாள். பிரிட்ஸியோ அதை அண்ணனிடம் சொல்லாமல் அவர் கையிலிருந்த தடியிடம் சொன்னான். காட்டுவெங்காயம் வந்தது, போனது. கொண்டைக்கடலையும், கோதுமை மாவை நாடாவாக வெட்டிப் பாதி வேகவைத்துப் பாதி பொரித்ததும் வந்தது. சிக்னே ரசித்து, ஒவ்வொரு கடலையாகச் சாப்பிட்டாள். அவளுக்காக வித்தாலே தடியை இடிக்காமல் காத்திருந்தார்.

சாப்பிட்டுக்கொண்டே அவள் சொன்னாள்: "நான் நாற்பது வருஷம் காட்டிலாகாவுல வேலை பார்த்தவ. வர்ற வழியில நீங்க கடலைக் காட்டினீங்க. நான் இன்னொரு பக்கம் பார்த்தேன். மைல் கணக்குல சாம்பல் கலர்ல மரம் செத்து நிக்குது. என்ன ஆச்சுன்னு இவர்கிட்ட கேளுங்க. கையைப் பார்த்தா விவசாயி மாதிரி இருக்கு."

"பந்தியில அதெல்லாம் கேக்கிற வழக்கம் இல்லை" என்று பிரிட்ஸியோ வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

சிக்னேயா விடுவாள்? தட்டிலிருந்து ஓர் ஒலிவக்காயை எடுத்து வித்தாலேயிடம் காட்டினாள். பிறகு ஜன்னல் பக்கம் கையை நீட்டி, விரல்களை ஒவ்வொன்றாகத் துவளவிட்டாள்.

வித்தாலேக்குப் புரிந்துவிட்டது. முள்கரண்டியைக் கீழே வைத்தார். "என் தோப்பும்தாம்மா செத்துப்போச்சு. வெட்டச் சொல்லி எழுதினாங்க. நான் கையெழுத்துப் போட்டேன். தம்பிகிட்டச் சொல்லாமப் போட்டேன்."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பிரிட்ஸியோ சொல்லித்தான் ஆக வேண்டும். "நான் கையெழுத்துப் போட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். "தம்பிகிட்டச் சொல்லாமப் போட்டேன்." அண்ணன் செய்ததைத் தன் வாயால் 'நான்' என்று சொல்ல நேர்ந்தது அவனுக்கு விசித்திரமாக இருந்தது.

"சொல்லியிருந்தா அவன் மரத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிப்பான். அவன் நின்னா எனக்கும் கை ஓடாது. அவன் அந்தக் கண்ராவியைப் பார்க்க வேண்டாம்னுதான் அவன் இல்லாத நாளா வரச்சொன்னேன்."

அதையும் சொன்னான். 

"எல்லாத்தையும் விட்டுக்குடுத்தேன். கிணத்தடியில ஒரு கிழவன் இருந்தான், அவனை மட்டும் விடலை. தோள் உயரத்துக்கு வெட்டிட்டு நிப்பாட்டச் சொன்னேன். அந்த நோயைத் தாங்குற ஜாதியில குச்சி வாங்கி ஒட்டுக் கட்டினேன். பதினொரு குச்சி. ஒன்பது செத்துப்போச்சு. ரெண்டு புடிச்சுது. இப்போ என் உயரம் வளர்ந்திருக்கு. தம்பி அந்த ரோட்டுல எப்பவாவது வருவான், பார்ப்பான்னு நானும் தினம் போய் உக்காந்து பார்த்தேன். வரவே இல்லை."

பிரிட்ஸியோ மொழிபெயர்க்கவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். சிக்னே நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "என்ன சொன்னார்?" என்றாள்.  பதினொரு புனிதர்களும் காலித் தட்டுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுப்படியிலிருந்து மீன் வாசனை வந்துகொண்டிருந்தது. தடி அசையவில்லை.

"நானும் சொல்ல வந்தேன், ரெண்டு தடவை" என்றாள் சேசாரியா, கதவடியில் நின்று. "எழுந்து போயிட்டே."

பிரிட்ஸியோ மாதாவின் தொப்பிக்கு மேலாகக் குனிந்தான்.

"எந்த மாசம் கட்டினே?"

வித்தாலே மெல்லத் திரும்பினார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "பிப்ரவரி கடைசி" என்றார்.

"பிப்ரவரியிலயா? பிப்ரவரியில பட்டை எங்கேண்ணே கழலும்? ஏப்ரல்லதானே அப்பா கட்டுவார்? அதான் ஒன்பது செத்துப்போச்சு. ஒரு வார்த்தை யாரையாவது கேட்டிருக்கலாமில்ல?"

"யாரைக் கேக்கச் சொல்றே? அப்பா போயிட்டார். அவருக்கு அப்புறம் ஒட்டுக் கட்டத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். நீதான் என்கிட்டப் பேசலையே."

 பிரிட்ஸியோவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவும் தோன்றவில்லை.

"அடுத்த மாசம் அந்த ஒன்பதையும் கட்டிடுவோம்" என்றான். "கத்தி நான் கொண்டு வர்றேன். நீ எதையும் தொடாதே."

"என் மரத்தை நான் தொடக்கூடாதா?"

"உன் மரமா? எழுதி வெச்சிருக்கா?"

"கையெழுத்துப் போட்டவன் நான்டா."

"அதை வேற பெருமையாச் சொல்லிக்கோ."

குரல்கள் ஏறின. கை வீச்சில் ஓர் ஆரஞ்சு உருண்டோடியது. ஜன்னலில் நின்ற சனம் சிரித்தது. அந்தோணியாராக உட்கார்ந்திருந்த ரொட்டிக்கடைக்காரரால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. எட்டி, சூசையப்பரின் கையிலிருந்த தடியைப் பிடுங்கி, தரையில் தானே ஓர் இடி இடித்தார். "மீனைக் கொண்டாம்மா, சேசாரியா. இவனுங்க ரெண்டரை வருஷத்துப் பாக்கி பேசி முடிக்கிறதுக்குள்ள நாங்க நிஜமாவே புனிதராயிடுவோம்."

சிக்னே பிரிட்ஸியோவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. "என்ன நடக்குது? சண்டையா? என்ன சொல்றாங்க, சொல்லுங்க."

"ஒண்ணுமில்லைம்மா" என்றான் பிரிட்ஸியோ, புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "நானும் எங்க அண்ணனும் பேசிக்கிறோம்."