மேனேஜர் படித்த வாழ்க்கை வரலாறு

மேனேஜர் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி முதலாளியின் வாழ்க்கை வரலாற்றைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து ஆபீசில் யாருக்கும் நிம்மதி இல்லை. காலையில் வந்ததும் ஒரு அத்தியாயம் படித்துவிட்டுத்தான் அறையை விட்டு வெளியே வருவார். அதில் முதலாளி என்ன செய்தாரோ, அன்றைக்கு இவரும் அதையே செய்வார். நாற்காலிகளை எடுக்கச் சொன்ன அத்தியாயத்தன்று மீட்டிங் முழுக்க எல்லோரும் கால் கடுக்க நின்றார்கள். கோப்பையை வீசிய அத்தியாயத்தன்று ஜன்னல் கண்ணாடி போயிற்று.

டெஸ்டிங் பிரிவில் வேலை பார்க்கும் அக்கா கெட்டிக்காரி. அதே புத்தகத்தை நூலகத்தில் எடுத்து முழுசாகப் படித்துவிட்டாள். தினமும் மேனேஜர் வருவதற்கு முன், அவர் மேஜையிலிருக்கும் புத்தகத்தில், படித்த இடத்துக்கு அடையாளமாக வைத்த அட்டை எந்தப் பக்கத்தில் செருகியிருக்கிறது என்று பார்த்து, "இன்னிக்கு யாரும் வாயைத் திறக்காதீங்க" என்று மற்றவர்களை எச்சரிப்பாள்.

அவள் தங்கைக்குப் பிரசவ நாள் நெருங்கியது. ஒரு வாரம் லீவு வேண்டும். அட்டையோ பன்னிரண்டாம் அத்தியாயத்தில் இருந்தது. அதில்தான் முதலாளி, லீவு கேட்டவனை வேலையை விட்டே தூக்குகிறார். பெற்ற மகளைக் கவனிக்காமல் விட்டதற்காக அவர் அழுவது முப்பத்தொன்றில். அக்கா அக்கம்பக்கம் பார்த்தாள். அட்டையை உருவி முப்பத்தொன்றில் செருகினாள்.

அன்று மேனேஜர் கண் கலங்க வெளியே வந்தார். அக்கா லீவு கேட்டாள். "குடும்பம்தாம்மா முக்கியம். பத்து நாளா எடுத்துக்கங்க."

அவள் திரும்பி வந்தபோது அவர் புத்தகத்தை முடித்திருந்தார்.

"இந்த ஆளைப் போய் ஏன் எல்லாரும் புரிஞ்சுக்கவே முடியாதுங்கிறாங்க?" என்றார். "ஆரம்பத்துல முரடன்தான். ஆனா எவ்வளவு சீக்கிரம் திருந்திட்டான், பாருங்க!"