மாடியிலிருந்து வரும் விளக்கு

என் தையல் மெஷின் மேல் அக்கா ஒட்டிவைத்திருந்த சின்ன விளக்கு சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை என்று மாறி மாறிக் கண்ணடித்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம். காலையிலிருந்து இதே கூத்துதான். அக்கா வெட்டுமேஜையின் ஓரத்தில் பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு, சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் திரையையே முறைத்துக்கொண்டிருந்தாள். அன்றோடு அவளுடைய லீவு முடிகிறது.

அக்காவின் வீட்டுக்காரர், என் மாமா, இருபது வருஷம் லாரி ஓட்டியவர். தெருமுனையில் அவர் பேசினால் எங்கள் வீட்டுக்குள் கேட்கும். தொண்டையில் ஆபரேஷன் ஆனபிறகு அந்தக் குரல் சுத்தமாகப் போய்விட்டது. கழுத்தில் வைத்த குழாயில் சளி அடைத்துக்கொண்டால் உடனே யாராவது ஓடிப்போய் எடுத்துவிட வேண்டும். அவர் மாடியில், நான் கீழே தையல்கடையில். இரண்டு மாதத்துக்கு முன்னால் அக்கா காய்கறி வாங்கப் போன பத்து நிமிஷத்தில் அடைத்துக்கொண்டது. டம்ளரால் தரையைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறார். நான் மோட்டார் மெஷினைக் கடகடவென்று ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா வந்து பார்க்கும்போது அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. அன்றைக்கு அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அதிலிருந்து லீவுதான். இனி நீட்டிக்க முடியாது என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். மாமா கூப்பிட்டால் எனக்குக் காட்டும் இந்த விளக்கு சரியாக வரவில்லை என்றால் வேலையை விட்டுவிடப்போவதாக அக்கா சொன்னாள். மாமா சிலேட்டில் ‘விடாதே’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக் காட்டினார்.

அவள் தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கிறவள். கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. மாமாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து போனில் படித்துப் படித்தே எல்லாம் கற்றுக்கொண்டாள். தூக்கிப்போட இருந்த லேப்டாப்பில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டாள். அதன் மேல் புரோக்கர் என்று ஒன்றை ஏற்றினாள்.

“வீட்டு புரோக்கர் தெரியும், கல்யாண புரோக்கர் தெரியும். இது என்னக்கா புதுசா?”

“கமிஷன் கேக்காத புரோக்கர். நான் தபால் பிரிக்கிற மேஜை மாதிரின்னு வெச்சுக்கோயேன். மாமா பொத்தானை அமுக்கினா அது ஒரு தலைப்பு போட்டு இதுக்கு அனுப்பும். அந்தத் தலைப்புல எது வந்தாலும் எனக்குக் கொடுன்னு உன் விளக்கும் என் போனும் சொல்லி வெச்சிருக்கு. இது ரெண்டு பேருக்கும் கொடுத்துடும்.”

“அதுக்கு ஒரு காலிங் பெல் வாங்கி மாட்டினா போதாதா?”

“பெல் கெட்டுப்போச்சுன்னா, கெட்டுப்போச்சுன்னு உனக்கு யாருடா சொல்லுவா?”



அதுதான் இதில் விசேஷமாம். ஒவ்வொரு கருவியும் புரோக்கரிடம் வந்து சேரும்போதே ஒரு கடைசிச் செய்தியைக் கொடுத்துவைத்துவிடும். ‘என் பேச்சுமூச்சே இல்லாமல் போனால் இதை எல்லாருக்கும் சொல்லிவிடு’ என்று. அப்படிச் செய்தி வந்தால் என் விளக்கு சிவப்பாகிவிடும். எல்லாம் சரியாக இருந்தால் பச்சை, மாமா பொத்தானை அமுக்கினால் வெள்ளை. குரல் போன மனுஷனுக்காக இதை யோசித்துக் கண்டுபிடித்த என் அக்காவை என்னவென்று சொல்வது! நான் ஒரு ஜிப்பை மாற்றவே மூன்று தடவை பிரிக்கிறவன்.

சனிக்கிழமை, லேப்டாப்புக்குள்ளேயே பேசிக்கொண்ட புரோக்கர் வெளியிலிருந்து வந்த பொத்தானை உள்ளே விடவில்லை. அமைப்புக் கோப்பில் எந்த வாசலைத் திறக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதி, கடவுச்சொல்லும் போட்ட பிறகுதான் வழிக்கு வந்தது. கட்டில் பக்கத்துப் பொத்தான் ஜம்மென்று வேலை செய்தது. ஞாயிறு காலை குளியலறையில் இரண்டாவது பொத்தானை மாட்டினாள். பிடித்தது சனி.

திடீரென்று அக்கா நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டாள்.

“அட என் புத்தியே! ரெண்டு பொத்தானுக்கும் ஒரே பேரை வெச்சிருக்கேன்டா.”

கட்டில் பொத்தானுக்கு எழுதியதை அப்படியே குளியலறைப் பொத்தானுக்கும் ஏற்றியிருக்கிறாள், பெயரை மாற்றாமல். ஒரே பெயரில் இருவர் வந்தால் புரோக்கர் முதலில் வந்தவனை வெளியே தள்ளிவிடும். அவன் மறுபடி வந்து இவனைத் தள்ளுவான். விடிந்ததிலிருந்து இரண்டும் ஒரே நாற்காலிக்கு அடித்துக்கொண்டிருக்கின்றன. ஒன்று விழுந்தால் சிவப்பு, ஒன்று உட்கார்ந்தால் பச்சை.

“பதினெட்டு வருஷமா விலாசம் பாத்துப் பிரிக்கிறவ நானு. வெளிய சொல்லிடாதடா, மானம் போயிடும்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊசியில் நூல் கோர்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

பெயரை மாற்றியதும் விளக்கு பச்சையில் நின்றது. ஆனால் அவள் விடவில்லை. மாடிக்குப் போய், மாமாவிடம் கட்டில் பொத்தானின் ஒயரைப் பிடுங்கச் சொன்னாள். நான் மெஷினை நிறுத்திவிட்டு எண்ணினேன். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. விளக்கு சிவந்தது.

“வந்துடுச்சுக்கா!” என்று மாடியைப் பார்த்துக் கத்தினேன்.

திங்கட்கிழமை காலை அக்கா கிளம்பினாள். படியிறங்கி, திரும்ப ஏறி, குழாயைப் பார்த்துவிட்டு, மறுபடி இறங்கினாள். என் விளக்கைத் தொட்டுப் பார்த்தாள். “போயேன்க்கா, நான் இருக்கேன்ல” என்றேன். தெருத் திருப்பத்தில் பஸ் நிற்கும் இடம் கடையிலிருந்து தெரியாது, மாடி ஜன்னலிலிருந்துதான் தெரியும். நான் ஒரு சட்டைக் காலரைத் தைக்க ஆரம்பித்தேன். ஒரு கண் துணியில், ஒரு கண் விளக்கில்.

அரைமணி கழித்து விளக்கு வெள்ளையாகப் பளிச்சிட்டது.

துணி ஊசியோடு கிழிந்தது. படிகளை எப்படி ஏறினேன் என்று தெரியாது. மாமா கட்டிலையொட்டிய ஜன்னலோரம் நாற்காலியில், பொத்தானில் ஒரு கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். உதடு சிவப்பாகத்தான் இருந்தது. மூச்சு சீராக வந்தது. மடியில் சிலேட்.

‘ரெண்டு பஸ்ஸை விட்டா. இப்பதான் ஏறினா.’

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை ஏதாவது சொல்லியிருப்பேன். அதற்குள் போன் அடித்தது. அக்காதான். பஸ் இரைச்சலுக்கு மேல் கத்தினாள்.

“டேய், பொத்தான் அடிச்சிருக்கு! என்னடா ஆச்சு மாமாவுக்கு? நான் இறங்கிடவா?”

“இறங்கிடாத. நீ பஸ் ஏறிட்டியாம்க்கா. மாமா தகவல் அனுப்பியிருக்காரு.”

மாமா போனைக் கொடுக்கச் சொல்லிக் கையை நீட்டினார். வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, பேச முடியாதவர், ஜன்னலுக்கு வெளியே பஸ் போன திசையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார்.