இரண்டாவது சாட்சி

உயில் ஒரே ஒரு தாள். அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நான்காவது முறையாகப் படித்தான் லிப்ட் மெக்கானிக். அப்பாவின் கையெழுத்து இருந்தது. தேதி இருந்தது. சாட்சிகள் இரண்டு பேர். வீடு அக்காவுக்கு. பிறகு ஏன் இது செல்லாது என்கிறார் பத்திரம் எழுதுபவர்?

துக்கம் கேட்க வந்த அவர் பொறுமையாக விளக்கினார். கிறிஸ்தவர்களின் உயிலில் சொத்து பெறுகிறவரே சாட்சியாகக் கையெழுத்துப் போட்டால், அவருக்கு எழுதியது அடிபட்டுப் போகும். மிரட்டி எழுதி வாங்குகிறவர்களைத் தடுக்க வந்த விதி. இங்கே இரண்டாவது சாட்சி அக்கா.

உயில் எழுதிய அன்றைக்குச் சாட்சிக்கு வரவேண்டிய எதிர்வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். ஆள் இல்லாத இடத்திலெல்லாம் அக்காவின் கை என்று பழகிப்போன வீடு. பேனாவையும் அவளே வாங்கிக்கொண்டாள்.

அக்கா அப்பாவுக்குப் பிறந்தவள் இல்லை; காலமாகிவிட்ட அவருடைய இரண்டாம் மனைவி கையோடு அழைத்து வந்த பெண். உயில் போனால் வாரிசு அவன் ஒருவன்தான். பதினொரு வருடம் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்தவளுக்கு வாசற்படிகூடக் கிடையாது.

மனைவி அவனைச் சமையலறைக்குள் அழைத்தாள்.

"நாம யாரையும் ஏமாத்தலைங்க. சட்டமே குடுக்குது. கடைசிவரைக்கும் வாடகை வீடுதானா?"

அவனுக்கும் அந்த ஆசை எட்டிப்பார்த்தது. 'வீடு அக்காவுக்குத்தான், நான் பாத்துக்கறேன்' என்று முந்தாநாள் அப்பாவின் காதில் சொன்னதும் கூடவே நினைவுக்கு வந்தது.

கூடத்தில் அக்கா அப்பாவின் மிச்ச மாத்திரைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். உடைக்காத அட்டைகளை இலவச மருத்துவமனையில் கொடுத்துவிடச் சொன்னாள், யாருக்காவது ஆகுமாம். பிறகு தலை நிமிராமல் சொன்னாள்:

"மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடறேன் தம்பி."

"எங்கக்கா போவ?"

"நான் என்ன பீரோவா, எடம் அளந்து வைக்கறதுக்கு?"

வேகம் மீறினால் லிப்டின் அடியிலுள்ள பிரேக், பெட்டிக்கு இருபுறமும் செங்குத்தாக நிற்கும் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும். உள்ளே இருப்பவர் நல்லவரா கெட்டவரா என்று அதற்குத் தெரியாது. கீழே இழுத்தால் இன்னும் இறுகும். பெட்டியைக் கொஞ்சம் மேலே தூக்கினால்தான் விடும். இருபது வருடமாக அவன் செய்கிற வேலை.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பத்திரம் எழுதுபவரிடம் போனான்.

"வீடு எம்பேருக்கு வந்தப்புறம், நான் யாருக்கு வேணா எழுதிக் குடுக்கலாமில்ல?"

"தாராளமா. தானமாவே எழுதலாம்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

முதலில் வாரிசுச் சான்றிதழ். பிறகு அக்கா பெயருக்குத் தானப்பத்திரம். சாட்சிக்கு வெளியாட்கள் இரண்டு பேர். அந்த இடத்தில் அக்கா பேனாவைத் தொடக்கூடாது.