பதினோரு ‘கூ’

இராஜாங்கத்துக்குத் தன்னைப் போலப் பெரிய மனசுக்காரர் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே கிடையாது என்று நினைப்பு. நிலத்தில் பாதி விற்றாகிவிட்டது, மகன் நியூஜெர்சியில் கம்ப்யூட்டரோடு மாரடிக்கிறான். பெருமைக்கு மிச்சமிருந்தது பீரோ நிறையப் பழைய கிராமபோன் தட்டுகளும் இந்த நினைப்பும்தான். 1999இல் அந்தத் தட்டுகளைச் சிடியாக்கி அமெரிக்கத் தமிழர்களுக்கு அனுப்பக் கிளம்பினார்.

கரகரப்பை எடுத்துப் பாட்டைத் துலக்க வந்தவள் செம்மொழி, மெட்ராஸ் ஸ்டூடியோவில் தொழில் கற்றவள். அவள் அப்பா ஐயாவு குடவாசல் பக்கம் பண்ணையாளாக இருந்து, இப்போது சொந்தமாக நாலு மா நிலம் வைத்திருப்பவர். சிடி அட்டையில் மகள் பெயர் முதல்முதலாக வரப்போகிறது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

ஒரு தட்டில் நாடகக் கோமாளிப் பாட்டு. நடவுக்கு வந்தவனை மிராசுதார் சாதிப் பெயர் சொல்லி அடிக்கிறார். அவன் ‘ஐயோ சாமி’ என்று அலறுகிறான். பின்னால் நாலு பேர் சிரிக்கிறார்கள். அந்தச் சாதிப் பெயர் பதினோரு தடவை வந்தது.

“இதச் சேக்க வேணாங்க,” என்றாள் செம்மொழி. “சேத்தே ஆகணும்னா உள்ளபடி இருக்கட்டும். இது யாரக் கேவலப்படுத்துற பாட்டுன்னு முன்னாலயே ரெண்டு வார்த்தை சொல்லிடுங்க. கேக்கறவனுக்கு வெக்கம் வரட்டும்.”

“அந்தக் காலத்துத் தமாஷும்மா! ஒரு வார்த்தைதானே உறுத்துது? அங்கல்லாம் கூன்னு ஒரு சத்தத்தப் போட்டு மூடிடு.”

ஒரு வார்த்தையாம். அடி இருக்கும், அலறல் இருக்கும், சிரிப்பு இருக்கும். இவர் கை மட்டும் சுத்தமாகிவிடும். அவளுக்குக் காறித் துப்பலாம் போல இருந்தது. ஆனாலும் மூடிக் கொடுத்தாள். “விழாவுல மட்டும் இதப் போடாதீங்க, எங்கப்பா வர்றாரு,” என்றாள். அவரும் தலையாட்டினார்.

வெளியீட்டு விழா கல்யாண மண்டபத்தில். நானூறு பேர். மூன்றாவது வரிசையில் புது வேட்டியோடு ஐயாவு. பொன்னாடை ஏற ஏற இராஜாங்கத்துக்குக் குஷி தாங்கவில்லை. “நம்ம சிடியில ஒரு கெட்ட வார்த்த கெடையாது!” என்று மைக்கில் முழங்கினார். “எங்க, செம்மொழி, அந்தக் கோமாளிப் பாட்டப் போடு!”

அத்தனை தலையும் மேடையோரம் அவள் உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியது. செம்மொழி போட்டுவிட்டாள். அந்தக் கோழைத்தனத்துக்கு அவள் தன்னை இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

முதல் ‘கூ’ வந்தது. பின்வரிசையில் எவனோ அந்த இடத்தில் அந்த வார்த்தையைச் சொன்னான். ஒரே சிரிப்பு. இரண்டாவது ‘கூ’வுக்கு இருபது குரல். நான்காவதுக்கு மண்டபமே சொன்னது. வக்கீல், வாத்தியார், பாங்கு மேனேஜர், பட்டுப்புடவை அம்மாக்கள், எல்லாரும் சுருதி பிசகாமல். பெரிய மனசுக்காரர் மேடையில் தாளம் போட்டார். ஐயாவு தலையைக் குனிந்து முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறாவதோடு பாட்டை நிறுத்திவிட்டு மைக்கை எடுத்தாள் செம்மொழி.

“இன்னும் அஞ்சு பாக்கி. இனிமே பாட்டு கெடையாது, கூ மட்டுந்தான் வரும். மூணாவது வரிசையில உக்காந்திருக்காரே, அவருதான் எங்கப்பா. நடவு நட்டவரு. அவரு மொகத்தப் பாத்துச் சொல்லுங்க.”

கூ.

ஒரு வாயும் திறக்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. இராஜாங்கம் பொன்னாடை நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். ஐந்தாவதும் முடிந்தது. ஐயாவு எழுந்து, இரண்டு பக்கமும் இருந்தவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவரை யாருமே நிமிர்ந்து பார்க்கவில்லை.