பாயைத் தூக்கிப் பாருங்க

1

இந்தக் கதை ஒரு கல்யாணத்தால் வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் இபாதான் நகரத்தில் எடுத்த ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு நான் வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். நாற்பத்தோராவது பகுதியில் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் தன் அண்ணனின் உயிலைப் பாய்க்கு அடியில் ஒளித்துவைக்கிறார். அதைப் பார்த்த ஒரே சாட்சி வீட்டுச் சமையல்காரர். அந்த வேடத்தில் நடித்தவர் தம்பிக்குக் கல்யாணம் என்று எல்லை தாண்டிக் கோத்தனூ போனார். போனவர் போனவர்தான். மறுநாள் காலை படப்பிடிப்பு. எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு சாம்பல் கிளி கூண்டில் தொங்கிக்கொண்டிருந்தது. 'சமையல்காரர்' என்பதை அடித்துவிட்டுக் 'கிளி' என்று எழுதினேன். வசனத்தைக்கூட மாற்றவில்லை.

எங்கள் யொருபா மொழியில் கிளிக்கு 'அயேகோட்டோ' என்று ஒரு பெயர் உண்டு. பிரித்துப் பார்த்தால் 'உலகம் உண்மையை ஏற்காது' என்று வரும். இப்படியொரு பெயரை வைத்துக்கொண்டிருக்கிற பறவை சாட்சி சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? கிளி தலையைச் சாய்த்து, "பாயைத் தூக்கிப் பாருங்க" என்றது. பார்த்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டியதாகச் சொன்னார்கள்.

(அந்தக் குரல் என்னுடையது. ஒலிப்பதிவு அறையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினேன். படப்பிடிப்பில் கிளி வாயைத் திறந்தது ஒரே ஒரு முறை, அதுவும் இயக்குநரைக் கடிக்க.)

2

இந்தக் கதையை வேறு மாதிரித்தான் தொடங்கியிருந்தேன்: 'காலை வெயில் அதன் சாம்பல் இறகுகளில் பட்டபோது, சிவந்த வால் ஒரு'

நிறுத்திவிட்டேன். என் தொழிலில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அழகாக எழுதினால் வாங்கிவிடுவார்கள்.

அந்தப் பகுதி ஒளிபரப்பான வாரமே சந்தையில் கிளி தீர்ந்துபோனது. வேடிக்கை பார்க்கப் போனேன். பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பறவை விற்கும் சுலேமானு என்னைக் கட்டிப்பிடித்தார்.

"வாங்க எழுத்தாளரே. உங்களாலதான் நம்ம பொழப்பு ஓடுது. அடுத்த தடவை குரங்கு ஒண்ணு வையுங்களேன், நாலு சும்மா நிக்குது."

"இதெல்லாம் எங்கேருந்து வருது?"

"காட்டுலேருந்துதான். மரத்துல பசை தடவி வைப்பாங்க, வந்து ஒட்டிக்கும். கூடையில அடைச்சு லாரியில ஏத்துவாங்க. வந்து சேர்றதுக்குள்ள கொஞ்சம் போயிடும்."

"கொஞ்சம்னா?"

அவர் கோலாக் கொட்டையைக் கடித்து மென்றார். "நீங்க எழுதுறதுல எவ்வளவு கிழிச்சுப் போடுவீங்க? அவ்வளவு."

நான் சிரித்தேன். அன்று சிரித்தேன் என்பதைத்தான் இத்தனை வருடமாக எழுதாமல் தள்ளிப்போட்டு வந்தேன்.

3

அடுத்தது கதாநாயகி. எங்கள் மேல்மாடியில் குடியிருக்கும் அபோசெடே, ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மகன் பெயரைச் சொல்லி எல்லாரும் அவரைத் 'தோத்துன் அம்மா' என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் தொடரைப் பார்த்துவிட்டு அவரும் சுலேமானுவிடம் ஒரு கிளி வாங்கினார். முதல் வரைவில் அவரைப் பற்றி இப்படி எழுதியிருந்தேன்: 'டயர் வியாபாரம் செய்யும் கணவன் லாகோஸில் என்னென்ன செய்கிறான் என்பதைக் கிளி காட்டிக்கொடுக்கும் என்று நம்பிய அப்பாவிப் பெண்.' எனக்கு மிகவும் பிடித்துப்போனது. பெருமை தாங்காமல் அவரிடமே படிக்கக் கொடுத்தேன்.

"ஏன் அண்ணே, லாகோஸ்ல இவரு என்ன பண்றாருன்னு இபாதான்ல கூண்டுக்குள்ள இருக்கற கிளிக்கு எப்படித் தெரியும்? நான் கணக்கு டீச்சர்."

"கதைக்காக கொஞ்சம்..."

"தோத்துன் கனடா போயிட்டான். இவரு மாசத்துல நாலு நாள் வர்றாரு. வீடு பேச்சுமூச்சு இல்லாம கெடந்துச்சு. உங்க கிளி நல்லா பேசிச்சு. அதான் வாங்கினேன். எழுதுறதுன்னா இதை எழுதுங்க."

எழுதிவிட்டேன். என் நகைச்சுவைக் கதை அந்த இடத்தோடு போயிற்று.

ஆறு மாதம் கிளி வாயே திறக்கவில்லையாம். பிறகு பேசியது. எங்கள் தெருவில் மின்சாரம் வந்ததும் ஆளாளுக்கு, "கரன்ட் வந்துடுச்சு" என்று கூவுவார்கள். கூவல் கேட்டால் அவரவர் ஜெனரேட்டரை நிறுத்துவோம். கிளி முதலில் கற்றுக்கொண்டது அதைத்தான். ஒரு மத்தியானம் அதை நம்பித் தெருவே ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு, புழுக்கத்தில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தது.

(இது சிரிப்பாக இருக்கிறதா? அப்படியானால் அடித்துவிட வேண்டும். ஆனால் பின்னால் தேவைப்படுகிறது. இருந்துவிட்டுப் போகட்டும். இந்தக் கிளி சத்தத்தால் அண்டை வீட்டார் பகையானார்கள் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.)

டீச்சர் நாள் முழுக்கப் பள்ளியில். கிளி தனியாக இருந்தது. தன் இறகைத் தானே பிடுங்க ஆரம்பித்தது. மார்பு முழுக்க வெறும் தோல், கசாப்புக் கடைக் கோழிபோல. ஒரு நாள் கூண்டோடு என் வீட்டுக்கு இறங்கி வந்தார்.

"நீங்கதானே ஆரம்பிச்சு வெச்சீங்க. என்னால பார்க்க முடியல. நீங்க வீட்டுல சும்மாதானே இருக்கீங்க, அதுக்குத் துணையா ஆச்சு."

என் எழுத்து வாழ்க்கையை இதைவிடச் சரியாக யாரும் விமர்சித்ததில்லை.

4

என் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் கிளி தலையைச் சாய்த்து, மூக்கால் பேசியது: "பாயைத் தூக்கிப் பாருங்க."

துணைக்கு இருக்கட்டும் என்று டீச்சர் பள்ளிக்குப் போகும்போது தொலைக்காட்சியை ஓடவிட்டுப் போயிருக்கிறார். தினமும் மதியம் எங்கள் தொடர் மறு ஒளிபரப்பு. ஆக, கிளி மாதிரி பேசின என்னை மாதிரி ஒரு கிளி பேசியது. என் குரல் அவ்வளவு கேவலமாக இருக்கும் என்று அதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

இதைத் தயாரிப்பாளர் ஃபதாயிடம் தொலைபேசியில் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். நல்ல விஷயம் ஒன்று கிடைத்தால் எனக்கு வாய் நிற்காது.

"அடேங்கப்பா, டப்பிங்கே வேண்டாமே" என்றார் ஃபதாய். "ரெண்டாம் பாகம் திங்கக்கெழம ஆரம்பிக்கறோம். மொதல் சீனே அதுதான். ஞாயித்துக்கெழம நானே வந்து தூக்கிக்கறேன்."

(இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாற்பத்தோராவது பகுதியில் நீங்கள் பார்த்தது ஒரு கிளி அல்ல, மூன்று. முதலாவது விளக்குகளின் சூட்டில் மதியத்துக்குள் செத்துப்போனது. இரண்டாவது மறுநாள். எல்லாம் சாம்பல் நிறம், பார்த்தவர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. நான் அங்கேதான் நின்றேன், ஒரு வார்த்தை பேசவில்லை. வசனகர்த்தா என்று பெயர்.)

5

முடிவுகள்.

முதல் முடிவு: நான் நெஞ்சை நிமிர்த்தி, "தர முடியாது ஃபதாய்" என்றேன். (என்னைத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள்.)

இரண்டாம் முடிவு: கூண்டைக் காட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்து, 'பறந்து போ, இந்த வானம்'. வேண்டாம். சிறகை சுலேமானு வெட்டியிருக்கிறார். மீதியை அதுவே பிடுங்கிக்கொண்டது. ஐந்தடி போகாது.

மூன்றாவது, நடந்தது.

ஞாயிறு மதியம். கூண்டின்மேல் துணியைப் போர்த்தி மூலையில் வைத்தேன். தோத்துன் அம்மா இறங்கி வந்து கூண்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஜெனரேட்டர் ஓடியது, மின்விசிறி சுற்றியது. ஃபதாய் வந்தார்.

"எங்க நம்ம ஹீரோ?"

"அது ஊமை, ஃபதாய். போன்ல சும்மா அளந்துட்டேன்."

அவர் உடனே நம்பினார். நான் பொய் சொல்கிறவன் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அப்போது துணிக்குள்ளிருந்து, "கரன்ட் வந்துடுச்சு" என்று கேட்டது.

தோத்துன் அம்மா நிதானமாக எழுந்தார், பின்பக்கம் போய் ஜெனரேட்டரை நிறுத்தினார், திரும்பி வந்து உட்கார்ந்தார். மின்விசிறி மெல்ல நின்றது.

ஃபதாய் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "கரன்ட் வந்துடுச்சுன்னு கத்துனாங்களே, ஃபேன் சுத்தலையே?"

"இந்தத் தெருவுல கத்துறவங்கள நம்பவே முடியாது" என்றார் டீச்சர், விடைத்தாள் திருத்துகிற முகத்தோடு.

மூன்று பேரும் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசியில் ஃபதாய் எழுந்து கதவில் கை வைத்தார். ஜெனரேட்டர் சத்தம் இல்லாததால் வீடு ரொம்பவும் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் கிளி இன்னொன்று சொன்னது. என் வசனம் இல்லை, தெருக் கூவலும் இல்லை. தோத்துன் அம்மாவின் குரல். யாருமில்லாத வீட்டில் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று. அவர் கையால் முகத்தை மூடிக்கொண்டார். ஃபதாய் திரும்பினார்.

6

அது என்ன சொன்னது என்பதை எழுதினேன். நான் இதுவரை எழுதியதிலேயே நல்ல வரி அதுதான், என்னுடையது இல்லை என்றாலும். படித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. கலங்கியவுடனே புரிந்துபோனது. இதைப் படித்தால் நாளைக் காலை நீங்கள் சந்தையில் நிற்பீர்கள், 'இதே மாதிரி ஒண்ணு வேணும்' என்று. அடித்துவிட்டேன். இடம் மட்டும் இருக்கிறது:

"(                                        )"

நீங்களே நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் மனம் உருகும்படி எதையாவது எழுதினால், ஃபதாய் துணியை விலக்கிக் கூண்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அவருக்கு வேண்டியதே அதுதான். ஒன்றும் எழுதாவிட்டால், காதில் ஏதோ விழுந்தது என்று நினைத்துக்கொண்டு படியிறங்கிப் போவார். தோத்துன் அம்மா ஜெனரேட்டரைப் போடுவார்.

ஃபதாய் இன்னும் வாசலில்தான் நிற்கிறார். இங்கே புழுக்கம் தாங்கவில்லை. தயவுசெய்து பேனாவைக் கீழே வையுங்கள்.