தொப்பி இல்லாத ஆறு

வக்கீலம்மா போன் செய்தால் புகார் சொல்ல மாட்டார், குற்றப்பத்திரிகை வாசிப்பார்.

"உங்க மெக்கானிக் ரெண்டு தடவை வந்தார். கழட்டினார், மாட்டினார், ஓடுச்சு. அவர் படி இறங்கி மூணு நாள் ஆகல, மறுபடி பச்சை லைட் மினுக்குது. இன்னிக்கு மூணாவது தடவை. ஒரு தடவைன்னா மெஷின் கோளாறு. மூணு தடவைன்னா ஆள் கோளாறு."

"பார்க்கிறோம் மேடம்."

"பார்க்க வேண்டாம், ஆளை மாத்துங்க. திரும்பத் திரும்பக் கூப்பிடட்டும்னு வேணும்னே எதையோ லூசா விட்டுட்டுப் போறார். தேதி போட்டு எழுதி வெச்சிருக்கேன்."

ஏசி சர்வீஸ் கம்பெனியின் புகார் மேசையில் உட்கார்ந்து அவள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஆள் அவளுடைய அக்காவின் கணவர்.

வக்கீலம்மா சொன்னதில் அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது, ஏசி கம்பெனியில் சூப்பர்வைசர் என்று சொன்னவர் அத்தான். கல்யாணம் முடிந்து இரண்டாம் வாரம்தான் தெரிந்தது, ஏணி பிடிக்கிற வேலை என்று. அன்று அவர் மேல் விழுந்த சந்தேகம் இன்றுவரை இறங்கவில்லை. வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் என்பதால் அவள் பேச்சுக்கு இந்த ஆபீசில் கொஞ்சம் மரியாதை இருந்தது. அதை வைத்துத்தான் எட்டு மாதத்துக்கு முன் அவரை இங்கே சேர்த்துவிட்டாள். அதற்கு முன் ஐந்து மாதம் அவர் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். அந்த ஐந்து மாதமும் அக்கா சிரித்து யாரும் பார்க்கவில்லை.

மேனேஜர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து விரலை ஆட்டிக் கூப்பிட்டார். அந்த அறையால் அவருக்குக் 'கண்ணாடி' என்றே பெயர்.

"நீயே கூடப் போ. அந்தாள் கையை மட்டும் பாரு. அஞ்சு மணிக்குள்ள எனக்கு ஒரே வார்த்தை வேணும். செஞ்சாரா, செய்யலையா. செஞ்சார்னா அடையாள அட்டையைக் கழட்டி வாங்கிட்டு வந்துரு. உறவுன்னு மழுப்பினே, ரெண்டு பேரும் சேர்ந்தே வீட்டுக்குப் போகலாம்."

அத்தானுடைய பிழைப்பு அவள் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஸ்டோர் ரூமில் அத்தானின் பை கிடந்தது. அவர் டீ குடிக்கப் போயிருந்தார். அவள் ஜிப்பைத் திறந்தாள். ஸ்பேனர், டேப், ஒரு மீட்டர். அடியில் ஒரு பழைய துண்டு. துண்டுக்குள், குழந்தையைச் சுற்றியது போலச் சுற்றி, ஒரு சர்க்யூட் போர்டு. கழட்டிய பழைய போர்டுகளை அன்றன்றைக்கே ஸ்டோரில் ஒப்படைத்துவிட வேண்டும், அதுதான் கம்பெனி விதி.

"என்ன பட்டம், கஸ்டம்ஸ்ல வேலை கிடைச்சிருச்சா?"

அத்தான் வாசலில் நின்றிருந்தார். அவள் டிகிரி வாங்கிய நாளிலிருந்து அவர் அவளைப் பட்டம் என்றுதான் கூப்பிடுகிறார். பாராட்டா, நையாண்டியா என்று அவளுக்கு இதுவரை விளங்கியதில்லை.

"இது யாரோடது?"

"வக்கீலம்மா வீட்டோடது. ரெண்டாவது தடவை கழட்டினது."

"ஏன் ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

"ஒளிக்கல. பத்திரமா வெச்சிருக்கேன்."

"எதுக்கு?"

அவர் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். திருடன் பார்க்கிற பார்வையாக இல்லை. தேர்ந்த திருடன் என்றால் அப்படித்தான் பார்ப்பான் என்றும் அவளுக்குத் தோன்றியது.

"வேணும்னு வெச்சேன்," என்று சொல்லி ஜிப்பை இழுத்து மூடினார். "ஏறு வண்டில. என்னைப் பிடிக்கத்தானே வர்றே? நல்லாப் பிடிச்சுக்க, ரோடு சரியில்ல."

வழியெல்லாம் அவள் அந்தப் பையின் ஜிப்பையே பார்த்துக்கொண்டு வந்தாள். கம்பெனி முறை எளிமையானது. மெக்கானிக் வாடிக்கையாளர் வீட்டிலிருந்து போன் செய்து, ஏசியின் திரையில் தெரியும் பிழைக் குறியைச் சொல்ல வேண்டும். மேசையில் இருப்பவள் அதைக் கம்ப்யூட்டரில் அடித்தால் அந்தக் குறியோடு, என்ன பாகம் மாற்ற வேண்டும் என்று ஸ்லிப் வரும். ஸ்லிப்பில் இருப்பதை மாட்ட வேண்டும். அதற்கு மேல் மெக்கானிக் மூளையைக் கசக்கக் கூடாது.

அத்தானுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. அவராக வைத்துக்கொண்ட பெயர்கள் உண்டு. 'ஈ' என்றால் சீப்பு. 'எஃப்' என்றால் பல் உடைந்த சீப்பு. 'எச்' ஏணி. அவர் போனில் "ஏணி மூணும்மா" என்று கத்தும்போது பக்கத்து மேசைகள் சிரிக்கும். அவளுக்கு மானம் போகும். சட்டென்று அடித்துவிட்டுப் போனை வைப்பாள்.

வக்கீலம்மா கதவைத் திறந்தபோதே கையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"முழுசும் வீடியோ எடுப்பேன். ஆட்சேபம் உண்டா?"

"எடுங்கம்மா," என்றார் அத்தான். "கொஞ்சம் இடது பக்கமா எடுங்க. அந்தப் பக்கம்தான் நான் பார்க்க லட்சணம்."

வக்கீலம்மா சிரிக்கவில்லை.

படுக்கையறை. கட்டில் மேல் கோப்புகள். சுவரில் ஏசி. அத்தான் ஏணியில் ஏறி மூடியைத் தொடுமுன் அவள் நிறுத்தினாள். "முதல்ல ஓட விட்டுப் பார்ப்போம். கையை எடுங்க." அவர் இரண்டு கைகளையும் சரணடைபவர் போலத் தூக்கிக் காட்டினார். அவள் ரிமோட்டை எடுத்தாள்.

"நான் எப்பவும் இருபத்தாறுதான் வைப்பேன்," என்றார் வக்கீலம்மா.

திரையில் 26 வந்தது. காற்று வந்தது. ஒரு நிமிடம் கூட ஆகவில்லை, பச்சை விளக்கு மினுக்கத் தொடங்கியது. எண் மறைந்து குறி வந்தது.

"சீப்பு, தொப்பி இல்லாத ஆறு," என்றார் அத்தான், பழக்க தோஷத்தில், போனில் சொல்வது போலவே.

"ஈ ஆறு," என்று அவள் திருத்தினாள்.

"தொப்பி இல்லாத ஆறு," என்றார் அவர் மறுபடி, திரும்பாமலே.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சற்று முன் இருபத்தாறில் இருந்த ஆறுக்கு உச்சியில் ஒரு கோடு இருந்தது. இதற்கு இல்லை. வெறும் முதுகும் வயிறும். அதே திரை, அதே கோடுகள். இது ஆறே இல்லை. இங்கிலீஷின் சின்ன 'பி' (b).

போனில் கம்பெனியின் குறிப் பட்டியலைத் திறந்தாள். ஈ ஆறு என்றால் உள்ளே இருக்கும் போர்டு பழுது. பத்து வரி கீழே, ஈ-யும் சின்ன பி-யும்: திரையிலிருந்து உள்ளே போகும் சிறு ஒயர் சரியாகப் பொருந்தவில்லை.



முதல் தடவை அவர் போனில் சொன்னபோது அவள் என்ன பதில் சொன்னாள் என்பது இப்போது காதில் விழுந்தது. "அத்தான், ஆறுக்கு ஏது தொப்பியும் கோட்டும்? ஆறு ஆறுதான்." மேசைக்கு மேசை சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆறு என்று அடித்தாள். இரண்டாம் தடவையும் அதையே அடித்தாள். நல்ல போர்டைக் கழட்டி இன்னொரு நல்ல போர்டை மாட்ட இரண்டு முறை ஆளை அனுப்பியவள் அவள்தான்.

"அத்தான், திரையோட ஒயரைப் பாருங்க," என்றாள் மெதுவாக.

அத்தான் மூடியைக் கழட்டினார். உள்ளே ஒரு விரல் நீள ஒயர், அதன் முனை பாதிதான் உள்ளே போயிருந்தது. மூடியைத் திறந்து மூடும்போதெல்லாம் அது கொஞ்சம் உள்ளே நகர்ந்திருக்கும். ஓடுகிற அதிர்வில் மூன்று நாளில் வெளியே வந்திருக்கும். அவர் கட்டைவிரலால் அழுத்தினார். டிக் என்றது.

"ஸ்லிப்ல வேற குறி இருந்தது உங்களுக்குத் தெரியலையா?" என்று ஏணிக்குக் கீழே நின்று கேட்டாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. பார்க்கத் தெரியும். ஸ்லிப்ல ஆறு தலையை வளைச்சு நின்னுச்சு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னேனே. சிரிச்சே." அவர் ஸ்க்ரூவை முடுக்கியபடியே பேசினார். "ரெண்டாவது தடவையும் அதே ஸ்லிப் வந்ததும் யோசிச்சேன். படிச்ச பொண்ணு தெரியாமலா தப்பாப் போடும்? வேணும்னே போடுறே, என்னை இங்க இருந்து கிளப்பப் பாக்குறியோன்னு நினைச்சேன். நாளைக்குப் பேச்சு வந்தா போர்டு நல்லா இருந்துச்சுன்னு காட்ட சாட்சி வேணும்ல? அதான் துண்டுல சுத்தி வெச்சேன்."

என்னையா சந்தேகப்பட்டீர்கள் என்று கேட்க வாய் வந்தது. கேட்கிற யோக்கியதை இல்லை என்று தெரிந்ததும் இன்னும் எரிந்தது.

"அக்காகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். அன்னிக்கு எனக்குத் தட்டே வரல. என் தங்கச்சி அப்படிச் செய்ய மாட்டா, செய்யிறவ உனக்கு வேலை வாங்கித் தருவாளான்னு கேட்டுட்டு உள்ள போயிட்டா."

அக்கா சோறு போட மறுத்த அந்த நேரத்தில் தான் என்ன நினைத்துக்கொண்டிருந்தோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "கண்ணாடிகிட்ட ஒயர் லூசுன்னு மட்டும் சொல்லு. உன் பேரு வராது."

ஏன் இந்த ஆள் விட்டுக்கொடுக்கிறார், இதில் என்ன கணக்கு என்று உடனே ஒரு சந்தேகம் கிளம்பியது. அவளுக்கே தன் மேல் வெறுப்பு வந்தது.

"என்ன குசுகுசு?" என்றார் வக்கீலம்மா. "ஒயர் லூசுன்னு காதுல விழுந்துச்சு. லூசாக்கினது யாரு? அதைத்தானே நானும் கேக்குறேன்?"

ஆக, ஒயர் லூசு என்று சொல்லித் தப்பித்தால் பழி நேராக அத்தான் தலையில் போய் உட்காரும்.

"யாரும் லூசாக்கல மேடம். இவர் குறியைச் சரியாத்தான் சொன்னார். நான்தான் கேக்காம வேற அடிச்சேன். ரெண்டு தடவையும்."

"எழுதிக் குடுங்க."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எழுதினாள். வக்கீலம்மா எட்டிப் பார்த்தார். "இவரை அத்தான்னு கூப்பிட்டீங்க. என்ன உறவு?"

"அக்கா வீட்டுக்காரர்."

"அதையும் எழுதுங்க." எழுதியதை வாங்கிப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியை இறக்கினார். "சொந்தக்காரரைக் காப்பாத்த எழுதின மாதிரில்ல இருக்கு."

அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"ரிமோட்டை நீங்களே பிடிங்க. இருபத்தாறு வைங்க. அந்த ஆறைப் பாருங்க. அப்புறம் நீங்க எடுத்த வீடியோவுல பிழைக் குறியைப் பாருங்க. தொப்பி இருக்கா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க."

வக்கீலம்மா ரிமோட்டை அழுத்தினார். சுவரைப் பார்த்தார். போனைப் பார்த்தார். படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

"தொப்பி இல்லை," என்றார், கோர்ட்டில் ஒப்புக்கொள்ளும் குரலில். காகிதத்தை நாலாக மடித்துக் கோப்புக்குள் வைத்தார். "ஒரு வாரம் ஓடட்டும். அப்புறம் நம்புறேன்."

படிக்கட்டில் நின்றே மேனேஜருக்குப் போன் செய்தாள்.

"செஞ்சாரா, செய்யலையா?"

"செய்யல சார். தப்பு என்னோடது." நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

"படிச்ச பொண்ணுன்னுதானே உன்னை அந்த நாற்காலில உக்கார வெச்சேன்."

"ஆமா சார்."

"நாளையிலேருந்து ஸ்டோர்ல உக்காந்து ஸ்க்ரூ எண்ணு. அவரை அடுத்த வீட்டுக்குப் போகச் சொல்லு."

கீழே அத்தான் வண்டியைக் கிளப்பி வைத்திருந்தார். கழுத்தில் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அவள் ஏறவில்லை. மேலே, சுவரோரம் வெளி யூனிட்டின் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"அத்தான், அந்த ஒயரை நல்லா அழுத்தினீங்கதானே?"

"கண்ணாடிகிட்ட நீ நல்லாச் சொன்னியா?"

கேட்டுவிட்டு அவர் வண்டியை அணைத்தார். இரண்டு பேரும் தெருவில் நின்று, ஒயர் மறுபடி நழுவி விசிறி நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.