காலை டோக்கன்

நர்சிங் பயிற்சியில் சேர வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. என் தங்கைக்கு அது ஒரு சாயங்கால யோசனை. நான் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துகொண்டிருந்தபோது தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். “அக்கா, எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வாயேன்” என்றாள், கடையில் பிஸ்கட் வாங்கச் சொல்வதுபோல.

அந்த விண்ணப்பத்தைத் தொடுவதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் எடுத்துத் தொலைத்துவிட்டேன். பயிற்சிக்கு உயிரியலும் இயற்பியலும் வேதியியலும் வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துக்கொண்டே மூன்றையும் தனித்தேர்வாக எழுதினேன். வேதியியல் ஒரு முறை காலை வாரிவிட்டது. மறுபடி எழுதித் தேறினேன். அதற்குள் வயது வரம்பு கழுத்தைப் பிடித்துவிட்டது. இந்த வருடம் விட்டால் எனக்கு அந்த வாசலே கிடையாது.

அவளோ பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்து நின்றாள், உயிரியலில் என்னைவிட இருபது மதிப்பெண் அதிகமாக. நீளமான முடியும் அவளுக்கு, கன்னத்துக் குழியும் அவளுக்கு, அப்பாவின் செல்லமும் அவளுக்கு. ஒரே ஒரு ஆசையாவது எனக்கென்று தனியாக இருக்கக் கூடாதா? வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

மதிப்பெண் பட்டியலில் இருவர் பெயரும் வந்துவிட்டன. மிச்சம் இருந்தது உடல்தகுதிச் சோதனை. எடை நாற்பது கிலோவுக்குக் குறையக் கூடாது, உயரம் நூற்றைம்பது சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. எனக்கு உயரம் தாராளம், எடைதான் இழுபறி. அவள் கதை நேர்மாறு.

அப்பா தையல்காரர். கடையைப் பூட்டிவிட்டு வந்த ஒரு மாலையில் அவளைக் கதவு நிலையோடு ஒட்டி நிற்க வைத்து டேப் பிடித்தார். “அரை சென்டி உதைக்குதேம்மா” என்றார். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. முகத்தை மட்டும் பாவமாக வைத்துக்கொண்டேன்.

சோதனை நாளன்று பொழுது விடியுமுன்பே ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்று முதல் ஆட்களில் ஒருத்தியாக டோக்கன் வாங்கினேன். மகாராணி ஆற அமரப் பின்னல் போட்டுக்கொண்டு வந்தாள். மதியத்துக்கு மேல்தான் அவளுக்கு முறை. வராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, டோக்கன மாத்திக்கலாமா? அந்த அட்டெண்டர் நம்பரத்தான் பார்க்கிறாரு. எல்லாரும் மாத்திக்கிறாங்க.”

“எதுக்கு?”

“நீ மத்தியானம் நல்லா சாப்பிட்டுட்டுப் போனா எடை நிக்கும். எனக்குக் காலையிலதான் உயரம் அதிகமா இருக்கும். நடக்க நடக்க முதுகெலும்பு அமுங்கி, சாயங்காலம் கொஞ்சம் குட்டையாயிடுவோம். புக்ல இருக்கு. ரெண்டு பேருக்குமே லாபம்க்கா.”

இருவருக்கும் லாபம் என்றால் அவளுக்கும் லாபம்தானே. அந்தக் கணக்குதான் எனக்குக் கசந்தது. அதை அவள் கண்டுபிடித்துச் சொன்னது இன்னும் கசந்தது.

“இருட்டுல எழுந்து வந்து நின்னவ நான். நீ தூங்கிட்டு வருவ, நான் தூக்கிக் குடுக்கணுமா? போடி.”

அவள் முகம் சுண்டிப் போயிற்று. “சரிக்கா” என்று எழுந்துபோனாள்.

எனக்கு என் ஏற்பாட்டின்மேல் அசாத்திய நம்பிக்கை. மருந்துக் கடை எடை மெஷினில் ஏற்கெனவே ஒத்திகை பார்த்திருந்தேன். அரை சீப்பு வாழைப்பழம், ஒரு பெரிய பாட்டில் தண்ணீர், முள் நாற்பதைத் தாண்டிவிடும். அன்றும் அப்படியே ரொப்பிக்கொண்டு, குலுங்காமல் நடந்து உள்ளே போனேன்.

அங்கே இருந்த மூத்த நர்ஸ் ஒரு சின்ன டப்பாவை நீட்டினார். “முதல்ல யூரின் குடுத்துட்டு வாம்மா.”

“எடை பார்த்துட்டுப் போறேனே, மேடம்.”

“என்கிட்ட முறைய மாத்தாத. போ.”

டப்பா நிறைந்த பிறகு நிறுத்திவிடலாம் என்றுதான் போனேன். அத்தனை நேரம் அடக்கிவைத்த உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. பாடுபட்டுக் குடித்த தண்ணீரையெல்லாம் இறக்கிவைத்துவிட்டு, அழுகை முட்டிக்கொண்டு வர, மெஷின்மேல் ஏறினேன். நாற்பதுக்குக் கொஞ்சம் முன்னாலேயே முள் நின்றுவிட்டது.

நர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். “எடைங்கிறது ஏறும், இறங்கும். கடைசி டோக்கன் முடிஞ்சதும் இன்னொரு தடவ வா. அப்பவும் இல்லன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

வெளியே வந்தபோது தங்கை ஒரு பெஞ்சில் மல்லாந்து படுத்திருந்தாள். முதுகெலும்பைக் காப்பாற்றுகிறாளாம். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள். நான் சொல்லச் சொல்ல அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து என் மடியில் வைத்தாள்.

“என்னுதையும் சேர்த்துச் சாப்பிடு. எனக்குத்தான் எடை தேவையில்லையே.”

மறுக்கவில்லை. இரண்டு டப்பாவையும் காலி செய்தேன். அவள் டப்பாவில் அம்மா முட்டை வைத்திருந்தாள், என்னுடையதில் இல்லை. எடை ஏற வேண்டியவள் நான், முட்டை அவளுக்கு. ஒவ்வொரு வாய்க்கும் அதை நினைத்துக்கொண்டே தின்றேன். கூட்டம் சேர்ந்ததும் அட்டெண்டர் வந்து, “இது என்ன வார்டா? எந்திரிம்மா” என்று அவளை எழுப்பிவிட்டார். அதன்பிறகு அவள் நின்றுகொண்டேதான் இருந்தாள்.

அவள் முறை வந்தபோது அறைக் கதவு திறந்தே இருந்தது. சுவரோடு ஒட்டி நின்றாள். நர்ஸ் அவள் தலையில் பலகையை இறக்கினார். கழுத்து நரம்பு புடைக்க நிமிர்ந்தாள்.

“குதிகால தூக்காத.”

“தூக்கல மேடம்.”

“ஒரு நூல் குறையுது. இல்லம்மா.”

“காலையில பார்த்தீங்கன்னா சரியா இருக்கும் மேடம். நாளைக்கு வரட்டுமா?”

“எடைன்னா மறுபடி பார்க்கலாம். உயரம் ராத்திரியோட ராத்திரியா வளருமா? அடுத்த டோக்கன்!”

நான் வேண்டிக்கொண்டது அப்படியே நடந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்க நேரம் இல்லாமல், கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். முள் நாற்பதைத் தொட்டு, ஒரு மயிரிழை தாண்டி நின்றது. அந்த மயிரிழை அவளுடைய முட்டைதான் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்குப் போனதும் வாசலிலேயே நான் சொன்னேன், “அம்மா, நான் தேறிட்டேன்.” அம்மா, “சந்தோஷம்டி” என்றாள், பார்வை எனக்குப் பின்னால் இருந்தது. “சின்னவ ஏன் இப்படி வாடிப்போயிருக்கா?” அவ்வளவுதான். எல்லோரும் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். அப்பா தலையைத் தடவினார். அம்மா தட்டைக் கொண்டுவந்து கையில் வைத்தாள். ஜெயித்தவள் நான். வீடு அவள் பக்கம். தோற்பதிலும் என்னை முந்திக்கொள்ள இவளால் மட்டும்தான் முடியும்.

மறுநாள் காலை அவள் படுக்கையிலிருந்து எழுந்ததும் எழாததுமாக அப்பா டேப்போடு வந்தார். மனசு கேட்கவில்லை போலும். கதவு நிலையில் நிறுத்தி அளந்தார். மறுபடி அளந்தார்.

“நூத்தம்பது சரியா இருக்கே! தாண்டியே இருக்கு! ஏம்மா, காலையிலேயே அளக்கச் சொல்லியிருக்கலாமே? கூட்டத்துல யாராவது ஒருத்தர் டோக்கன மாத்திக் குடுத்திருக்க மாட்டாங்களா?”

நான் பல் துலக்குவதுபோல் திரும்பி நின்றேன். அவள் என்னைப் பார்ப்பது முதுகில் தெரிந்தது. சொல்லட்டும் என்றுகூட நினைத்தேன். சொல்லிவிட்டால் அவளும் என்னைப் போலத்தான் என்று ஆகிவிடும். கணக்குத் தீர்ந்துவிடும்.

“கேட்டேன்பா” என்றாள். “எல்லாருக்கும் அவங்கவங்க அவசரம். யாரையும் குத்தம் சொல்ல முடியாது. அடுத்த வருஷம் நான் இருட்டுல எழுந்து போறேன்.”

பிறகு என் பக்கம் வந்து, பேஸ்ட்டைத் தன் பிரஷ்ஷில் பிதுக்கிக்கொண்டே, “யூனிஃபார்ம் அப்பாவையே தைக்கச் சொல்லுக்கா, கடையில வாங்கினா உனக்கு இடுப்பு தொளதொளன்னு நிக்கும்” என்றாள்.

அந்த மனசும் அவளுக்குத்தான் கிடைத்திருக்கிறது. எனக்கு அதுவும் பொறுக்கவில்லை.